கடையடைப்பு நாளில் வந்த கோடி

பெரம்பலூரில் பழைய கொலை வழக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு சிறு குழு போட்டபோது என்னையும் அதில் சேர்த்தார்கள். ஒரு இன்ஸ்பெக்டர், ஜீப் ஓட்டும் காவலர், பெண் தலைமைக் காவலராக நான். பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்கு வந்தவள் நான். பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் விசாரிக்கக் கற்றுக்கொண்டேன். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்துவிட்டால் அன்றைக்குச் சோறுகூட எனக்கு இரண்டாம்பட்சம்.

முதலில் கைக்கு வந்தது செட்டிகுளம் பக்கத்துக் கொலை. ஒரு விவசாயி, விடியற்காலையில், தன் சோளக்காட்டு மோட்டார் கொட்டகையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். ஏழெட்டு வருஷம் ஆகியும் கொன்றவர் அகப்படவில்லை. அதற்காக ஊர் சும்மா இருக்குமா? தானே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முந்தின வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையாம். அவள்தான் ஆள் வைத்து அடித்தாளாம். போலீஸ் விசாரித்து அனுப்பிய பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. அவள் மகளைப் பெண் பார்க்கக் கிளம்பியவர்கள், பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னதைக் கேட்டு, அப்படியே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நாங்கள் அவள் வீட்டுக்குப் போன முதல் நாள், அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிறதே என்று நான் கதவைச் சாத்தப் போனேன். அவள் தடுத்தாள்.

"சாத்தாதீங்க. எத்தன தடவ வேணாலும் கேளுங்க, சொல்றேன். ஆனா தெறந்து வச்சுக் கேளுங்க. நான் சொல்றது ஊருக்கும் காதுல வுழட்டும்."

அந்தப் பேச்சை நான் இன்றுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது இன்ஸ்பெக்டர் சொன்னார்: "கதவச் சாத்தச் சொல்றவங்களத்தான் நான் நெறயப் பாத்திருக்கேம்மா."

மறுவாரம் சாதாரணப் புடவையில் நான் மட்டும் போனேன். சின்ன வெங்காய அறுவடை நேரம். ஒரு களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு அரிவாளை வாங்கி உட்கார்ந்தேன்.

"ஏன் போலீசக்கா, அருவா புடிக்கிற அழகப் பாத்தா ஊட்டுல சமையக்கட்டுப் பக்கமே போவமாட்டீங்க போல?"

"எங்க ஊட்டுக்காரரு சமைக்கிறாரு, நான் சாப்புடுறேன்."

"குடுத்து வச்ச மவராசி! எங்களுதுக்குச் சுடுதண்ணி வைக்கவே வழி சொல்லணும்."

சிரித்து ஓய்ந்ததும் மெதுவாக அந்தச் சாவைப் பற்றிக் கேட்டேன். கொலையைப் பற்றிக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். சாவு வீட்டைப் பற்றிக் கேட்டால் யார் அழுதார், யார் அழுவதுபோல் நின்றார் என்பது வரைக்கும் வந்துவிடும்.

"பாவம், அந்தாளு மேல முறையா ஒரு கோடி வுழல. அன்னைக்குன்னு பாத்து எல்லா ஊருலயும் கடையடைப்பு. பொண்டாட்டியோட பொறந்த வூட்டுக்காரவுங்களே வெறும் மாலையோட நின்னாங்க."

"ஏன், அவரு தங்கச்சி வூட்டுக்காரரு கொண்டாரலையா? விக்கிரமங்கலத்துலேருந்து வந்தாரே, கையில மடிப்புக் கலையாத கோடி வேட்டியோட. மச்சான்னா அப்புடி இருக்கணும்!"

இறந்தவர் மேல் சொந்தக்காரர்கள் போர்த்துகிற புதுத் துணிதான் கோடி. சாவு விழுந்த பிறகுதான் அதை வாங்குவார்கள். முன்னாலேயே வாங்கி வீட்டில் வைத்தால் சாவைக் கூப்பிட்ட மாதிரி என்று பயம்.

மறுநாள் ஜீப்பில் போகும்போது இதை ஒரு நல்ல மனிதரைப் பற்றிய சேதியாகத்தான் சொன்னேன். "பாத்தீங்களா சார், அந்த நெலமையிலயும் ஒருத்தரு முறை தவறல."

இன்ஸ்பெக்டர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். "ஏம்மா, ஒரு கடையும் தெறக்காத அன்னைக்குக் கோடி எங்கேருந்து வந்துச்சு?"

அந்தக் கடையடைப்புக்கு நானே பஸ் ஸ்டாண்டில் பந்தோபஸ்து நின்று, ஒரு டீக்கு வழியில்லாமல் காய்ந்தவள்.

"முந்துன நாளே வாங்கியிருப்பாரு" என்றார் ஜீப் ஓட்டும் காவலர். சொல்லிவிட்டு அவரே திரும்பினார். "முந்துன நாள் ஆளு உசுரோடல்ல இருந்தாரு சார்?"

ஒரு வேட்டியை வைத்துக்கொண்டு யாரையும் கோர்ட்டில் நிறுத்த முடியாது. பொறுமையாகத் தோண்டினோம். தங்கை பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதில் மாமன் மச்சானுக்குள் பெரிய தகராறு இருந்தது தெரிந்தது. பிறகுதான் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

"ஊரே உங்களப் பத்திப் பெருமையாப் பேசுது அண்ணே" என்றேன். "அந்தக் கோடிய எங்க வாங்குனீங்க?"

"அரியலூர்லம்மா. காலையில சேதி வந்ததும் கடைக்கு ஓடுனேன்."

"அன்னைக்கு எந்தக் கடை தெறந்திருந்துச்சு?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. மச்சானைக் கொல்லத் துணிந்தவருக்கு மச்சான் சாவுக்கு வெறுங்கையோடு போகத் துணிவில்லை. நாளைக்குக் கடையடைப்பு என்று தெரிந்ததும் முன்கூட்டியே வாங்கிவிட்டார். அவர் காட்டிய பாழுங்கிணற்றில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு இரும்புக் குழாயும் இறந்தவரின் செல்போனும் கிடைத்தன. கைது செய்தோம். மற்றது கோர்ட்டின் வேலை.

செத்தவரின் மனைவியைப் பெரம்பலூருக்கு வரவழைத்து நான்தான் சேதியைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு என்னைய விசாரிக்க ஜீப்புலதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க சார். பட்டப்பகல்ல ஊரே நின்னு பாத்துச்சு. அதே மாரி என்னையக் கொண்டாந்து எறக்கி வுடுங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெயில் உச்சியில் இருக்கும்போது போனோம். ஊருக்குள் நுழைந்ததும் வண்டி ஊர்ந்தது; நாங்கள் யாரும் சொல்லவில்லை, ஓட்டுகிறவருக்கே அது தெரிந்திருந்தது. கோயிலடியில் நிறுத்தி, நான் இறங்கி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் நடுத்தெருவில் நின்று, யாரைப் பிடித்திருக்கிறோம் என்பதைக் கூடியிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார். என் வேலையில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்ற நாள் வேறில்லை.

இத்தனை வருஷம் அவளோடு பேசாதிருந்த ஒரு வயசான அம்மாள்தான், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கூட்டத்திலிருந்து கேட்டாள்.

"என்னடி, ஜீப்புல வந்து எறங்குற? கலெக்டராயிட்டியா?"

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"கலெக்டரு இல்ல, அத்த. இந்த ஊரு மருமவ."