டைல்ஸ் போட்டவரின் மகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சவுக்குத் தோப்பை அழித்து மனை போட்ட நகர் எங்களுடையது. அதைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாருமில்லை. எதிர்வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். பக்கத்து வீட்டில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். கணவர் சவுதியில் இருக்க, அந்த அம்மா பிள்ளைகளோடு தனியாக இருந்தார். தெருமுனையில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிறிஸ்தவ வாத்தியார். கடைசியில், பூச்சு வேலை முடியாத ஒரு வீட்டில் ஒடிசாக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் டைல்ஸ் போட்டவர்.

என்னை அக்கா என்பார். ஊரிலிருந்து மனைவியையும் நாலு வயது மகளையும் அழைத்து வந்த அன்றே எங்கள் இரண்டு வீட்டுக்கும் கூட்டிவந்து காட்டினார். கொஞ்ச நாளில் நகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வடநாட்டு ஆட்கள் குழந்தைகளைக் கடத்துகிறார்களாம். எந்த ஊரில், எப்போது எடுத்தது என்று ஒன்றும் இல்லை. நானும் அதை என் தங்கைக்கு அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்கு ஊசி போட்ட மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் தெருவில் வந்தார். குழந்தை விடாமல் அழுதது. நாலைந்து பேர் மறித்து ஆதார் கேட்டார்கள். ரூமில் இருக்கிறது என்றார். கூட்டம் சேரச் சேர, தெரிந்த கொஞ்சம் தமிழும் அவருக்கு வாயில் வரவில்லை. குழந்தை "பாப்பா, பாப்பா" என்று அலறியது. அவர்கள் பாஷையில் அது அப்பா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"பாப்பாவ எங்கேர்ந்துடா தூக்கினு வந்த?" என்று முதலில் கை ஓங்கியவர் எதிர்வீட்டுக்காரர். யாரிடமும் சத்தமாகக்கூடப் பேசாத மனிதர்.

நான் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. உள்ளே போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கீழே போகாதே, கதவைச் சாத்திக்கொள் என்றார். சாத்திக்கொண்டேன். சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது.

ஜன்னலருகே வந்து பார்த்தபோது பக்கத்து வீட்டம்மா கூட்டத்துக்கு நடுவில் நின்றார். தெரு ஆண்களிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியறியாதவர். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்திருந்தார்.

"இது அவரு புள்ள. எனக்குத் தெரியும். இன்னும் அடிக்கணும்னா என்னை அடிங்க."

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். டைல்ஸ்காரர் சாக்கடை ஓரத்தில் கிடந்தார்.

மறுநாள் போலீஸ்காரர் வீடு வீடாக விசாரித்தார். தெருவில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. நானும் வீட்டில் இல்லை என்று சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டம்மா ஒருவர்தான்.

மூன்றாம் நாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அக்கா, அன்னிக்கி நீங்க வீட்டுல இல்லியா?" என்று படுத்தபடியே கேட்டார் அவர்.

"இல்லப்பா. சிதம்பரம் போயிருந்தேன்."

"அதான் நெனச்சேன். இருந்தா வந்திருப்பீங்க."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டிபன் கேரியரைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன். கட்டுப் பிரித்ததும் மூவரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை யாரும் விளையாடக் கூப்பிடவில்லை. குழுவிலிருந்து அந்த அம்மாவின் நம்பரை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட லீவு விட்டதும் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பரங்கிப்பேட்டைக்கே திரும்பினார். வண்டியில் சாமான் ஏற்றும்போது போய் ஒரு பக்கம் பீரோவைப் பிடித்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பேசவும் இல்லை. அன்று நான் மாடியில் நின்றதை அவர் பார்த்திருக்க வேண்டும்.