அத்தையின் பெல்ட் செருப்பு

செருப்புக் கடைக்கு முள் கொண்டுபோன ஆள் எனக்குத் தெரிந்து என் அத்தை ஒருத்திதான்.

வேலிக்கருவை முள். விரல் நீளம் இருக்கும். அதைப் பேப்பர் துண்டில் சுற்றிக் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். மூன்றாம் வகுப்பு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். நடந்தால் குதிகாலில் விளக்கு எரிகிற செருப்பு ஒன்றை அத்தையிடம் எப்படியாவது வாங்கிவிடுவது என்பது என் திட்டம்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தவர்கள், மல்லி பிடுங்கியவர்கள். அப்பா நூல் மில்லுக்குப் போனார். அத்தை படித்து, பயிற்சியும் முடித்து, கால்நடை மருந்தகத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தாள். ஊர் ஊராகப் போய் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. நரிக்குடிப் பக்கத்து ஆடுகளுக்கு ஊசிக்காரர்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். ஜீப் சத்தம் கேட்டதும் கருவைக் காட்டுக்குள் ஓடிவிடும். அத்தையும் பின்னாலேயே ஓடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய முட்களை அம்மா ஊக்கும் கையுமாக உட்கார்ந்து எடுப்பாள். எடுக்கிற வரைக்கும் திட்டுவாள். மழைக்காலத்தில் வேறு விதமான தொல்லை. கரிசல் மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால் மட்டும் தனியாக வெளியே வரும்.

அதனால்தான் நல்ல செருப்பு. அதைச் சாயங்காலத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. காலையில் கால் சிறுத்து இருக்குமாம், நடந்து நடந்து பொழுது சாய்கிறபோதுதான் அதன் சொந்த அளவுக்கு வருமாம். அதற்காக அருப்புக்கோட்டை பஜாரில் வெயிலோடு என்னை வேண்டுமென்றே சுற்ற வைத்தாள். கடைக்குள் நுழைந்தபோது என் காலும் அதன் சொந்த அளவைத் தாண்டியிருந்தது.

கடைக்காரர் பூப்போட்ட செருப்பு, பாசி வைத்த செருப்பு, சலங்கை தொங்குகிற செருப்பு என்று வரிசையாக எடுத்து வைத்தார். அத்தை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி இரண்டாக மடக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவருக்குப் பின்னால் தொங்கியதைக் காட்டினாள். தடித்த அடிப்பாகம், டிராக்டர் டயர் மாதிரி வெட்டு வெட்டாகப் பள்ளம், விரலுக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று என்று ஒட்டுகிற பெல்ட்டுகள்.

"அது ஆம்பளைக மாடலும்மா" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். முள்ளு ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா குத்துது?" என்று சொல்லிக்கொண்டே அத்தை கைப்பையைத் திறந்து பேப்பரைப் பிரித்தாள்.

அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் முள்ளை அடிப்பாகத்தில் வைத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினாள். முள் முனை மடங்கியது. அத்தையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். செருப்பை மாட்டினாள். குதிகாலுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதா, விரல் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்த்தாள். கடைக்குள்ளேயே குத்த வைத்து உட்கார்ந்தாள், எழுந்தாள். ரோடு போடுவதற்காக வெளியே கொட்டிக் கிடந்த ஜல்லிமேல் ஏறி இறங்கினாள். கடைக்காரர் வாசலுக்கே வந்து நின்றுகொண்டார். செருப்போடு ஓடிவிடுவாளோ என்று பயந்தாரோ என்னவோ.

என் முறை வந்தபோது விளக்குச் செருப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அத்தை மீதமிருந்த முள்ளைத் தேடினாள். கடைக்காரர் சட்டென்று அந்தச் செருப்பை என் கையிலிருந்து வாங்கி மேல் தட்டில் வைத்துவிட்டார். "வேண்டாம் தாயி. அது உள்ள வயரெல்லாம் இருக்கு." எனக்கும் ஒரு சின்ன பெல்ட் செருப்புதான் வந்தது. பஸ்ஸில் அத்தையோடு பேசாமல் வந்தேன்.

வீட்டில் அம்மாவுக்கு அந்தச் செருப்பைக் கண்டாலே ஆகவில்லை. "கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள போடுற செருப்பா இது? வாசல்ல கெடந்தா வீட்டுக்குப் போலீசு வந்திருக்குன்னுல நினைப்பாக" என்பாள். அத்தை காதில் வாங்கவில்லை. காலையில் பெல்ட்டைப் பிரிக்கிற சர்ர் என்ற சத்தம் கேட்டால் அத்தை கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். ஆடுகள் எந்தக் காட்டுக்குள் ஓடினாலும் இப்போது பிடிபட்டன. அம்மாவின் ஊக்குக்கு வேலை இல்லாமல் போனது. அதற்காக அம்மா அந்தச் செருப்பை மன்னித்துவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பந்தல்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை தூத்துக்குடி ரோட்டில் டயர் கடை வைத்திருந்தார். நல்ல இடம். இதற்கு முன்னால் கேட்ட இடத்துக்காரர்கள் பெண் ஆடு பிடிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ஆளை அனுப்பாமல் காரணத்தை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர்கள்தான் தெரிந்தே நேரில் வருகிறவர்கள். அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அம்மா அத்தைக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஊசி, மருந்து, வேலை என்று எதையும் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். செருப்பை ஒளித்து வைக்கிற பொறுப்பு எனக்கு. கொல்லைப்பக்கம் கோழிமேல் கவிழ்த்து மூடுகிற கூடைக்கு அடியில் வைத்தேன். உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒரு மாதிரி பார்த்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு மெல்லிய தோல் செருப்பு, அன்றைக்கென்றே வாங்கியது, மினுமினுவென்று இருந்தது. அவருடைய அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வீட்டுச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அத்தை காபி கொண்டுவந்தாள், கும்பிட்டாள், குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாள். அது என் அத்தைதானா என்று எனக்கே சந்தேகம். எல்லாம் அம்மா நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது.

அப்போது மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. லோடு விஷயம். எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. அவர் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே வாசல், தெரு, கொல்லைப்பக்கம் என்று நகர்ந்து நகர்ந்து, டவர் கிடைத்த இடத்தில் நின்றார். அது கருவை வெட்டிப் போட்டிருந்த இடம். கொஞ்ச நேரத்தில் "ஹலோ" நின்று "ஆத்தா" என்று ஒரு சத்தம் வந்தது.

அப்பாவும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முள் தோல் செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் போய் ஒடிந்திருந்தது. சித்தப்பா குனிந்து தொட்டார், மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டார். அப்பா தொட்டார், அதற்கும் இழுத்துக்கொண்டார். வேனை எடுத்து ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று அவர் அம்மா எழுந்துவிட்டாள்.

"தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அத்தை பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே கத்தினாள். அத்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னை அவள் மருந்துப் பையை எடுத்துவரச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அவர் காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். திமிறுகிற கிடாவை அவள் அப்படித்தான் பிடிப்பாள். மாப்பிள்ளை ஒரு தடவை உதறிப் பார்த்தார். கால் அசையவில்லை. அதற்கப்புறம் அவர் உதறவில்லை.

"இந்தா, இந்தா, ஆச்சு, இம்புட்டுத்தான்" என்று அத்தை பேசிக்கொண்டே ஊக்கால் நெம்பினாள். ஆடுகளிடம் பேசுகிற அதே குரல். முள் வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நுனி முழுசாக இருக்கிறது என்று தெரிந்ததும், ஊதா மருந்தை எடுத்துப் பாதம் முழுக்கத் தடவினாள். கடைசியில், கைப்பழக்கம், அவர் பக்கம் திரும்பி முதுகில் இரண்டு தட்டு தட்டி, "ம், போ" என்றாள்.

அத்தைக்கு அப்போதுதான் தான் பட்டுச்சேலை கட்டியிருப்பது நினைவுக்கு வந்ததுபோல, சொருகியிருந்த கொசுவத்தை மெல்ல இறக்கிவிட்டாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். தோல் செருப்பைப் போட முடியவில்லை. அத்தை தரையைப் பார்த்தபடி, "பாப்பா, என் செருப்பை எடுத்துட்டு வந்து இவுகளுக்குக் குடு" என்றாள். சமையலறை வாசலில் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கோழியை நகர்த்திவிட்டுச் செருப்பை எடுத்துவந்தேன். அவர் காலுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அவர் அம்மாவுக்கு முகம் மாறியது. அவரோ ஒரு செருப்பைக் கழற்றித் திருப்பி அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எங்க வாங்குனீங்க? லாரிக்கே மாட்டலாம் போலருக்கு" என்றார். அத்தைக்கு உதட்டோரம் லேசாகத் துடித்தது. முள் அங்கும் குத்திவிட்டதோ என்று நினைத்தேன்.

அத்தையின் செருப்போடு மாப்பிள்ளை ஏறிய வேன் போனதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த சில நாளில் மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியது தரகர் மூலம் வந்தது. பெண் நல்ல பெண்தான், ஆனால் எங்கள் பையனை ஆட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டது, யோசித்துச் சொல்கிறோம் என்று. யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். போன இடம் போகட்டும், செருப்பு என்ன ஆச்சு என்பதுதான் என் கேள்வி. தான் நேரில் போய் வாங்கிவருவதாக அப்பா சொன்னார்.

"வேண்டாம்ண்ணே. கால் ஆறட்டும்" என்றாள் அத்தை.

எத்தனை பெரிய புண்ணாக இருந்தாலும் அவ்வளவு நாள் ஆறாமல் இருக்காது. அத்தை மறுபடியும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போனாள், முள்ளோடு வந்தாள். அம்மா மறுபடியும் ஊக்கை எடுத்தாள். ஒரு வார்த்தை கேட்டு வாங்கக்கூடத் தைரியம் இல்லாத அத்தையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை நரிக்குடிப் பக்கம் ஒரு ஊரில் முகாம். மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள அத்தை என்னையும் கூட்டிப்போயிருந்தாள். கண்மாய்க் கரையில் புளியமரத்தடியில் ஊசி போட்டு முடித்த நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. அவர்தான். காலில் சாதாரணச் செருப்பு. கையில் மஞ்சள் பை.

"செருப்பைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

"கால் எப்படி இருக்கு?" என்று அத்தை கேட்டாள்.

அதோடு முடிய வேண்டிய பேச்சு. முடியவில்லை. அவர் டயரைப் பற்றிச் சொன்னார், அத்தை ஆட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் அம்மா முதலில் பயந்துபோயிருந்தார்களாம், இப்போது தெருவில் யாருக்கு முள் குத்தினாலும் அத்தை எடுத்த கதையைச் சொல்கிறார்களாம். மரத்து நிழல் நகர்ந்து என்மேல் வெயில் விழுந்தது. எனக்குப் பசி. நரிக்குடியில் புரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். ஒரு செருப்பைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு நேரமா என்று மருந்துப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் அத்தை பைக்குள் கையை விட்டாள். ஒரு செருப்புதான் வந்தது. நன்றாகக் கழுவிக் காயவைத்த வலது கால் செருப்பு.

"இன்னொன்னு?"

அவர் தலையைச் சொறிந்தார். "கடையிலயே வச்சுட்டேன் போலருக்கு. அடுத்த வாரம் முகாம் எந்த ஊர்ல?"

அத்தை ஊர்ப் பெயரைச் சொன்னாள். கோபமே படவில்லை. காட்டுக்குள் ஓடுகிற ஆட்டையே விடாதவள், ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்த ஆளைச் சும்மா விட்டுவிட்டாள். மாமா இன்றைக்கும் அது மறதிதான் என்று சாதிக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். அந்த ஆளுக்கு மறதி வியாதி இருக்கிறது, நல்லவேளை நமக்கு அந்த இடம் அமையவில்லை என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் நானும் கிளம்பி நின்றேன். இந்தத் தடவையும் அவர் ஏதாவது சாக்குச் சொன்னால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க அத்தையோடு ஒரு ஆள் வேண்டாமா? ஆனால் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அத்தை ரப்பர் செருப்போடு, அன்றைக்கு ஏனோ தலையில் பூ வைத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறினாள். இத்தனை விவரம் கெட்ட ஆளிடமிருந்து அந்த இடது கால் செருப்பை அவள் எப்படித்தான் வாங்கி வரப்போகிறாளோ என்று, பஸ் கண்மாய்த் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.