மூன்றாம் பகுதியில் வந்த பொன்னாடை

நான் பியானோ வாசிப்பவள். கச்சேரி மேடையில், தனியாக, மேற்கத்திய செவ்வியல் இசை. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தப் படத்துக்கு வாசிச்சிருக்கீங்க?" எதற்கும் இல்லை என்பேன். கேட்டவர் முகத்தில் 'ஐயோ பாவம்' என்று ஒரு கனிவு வரும். அந்தக் கனிவு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கடத்தூருக்குப் பக்கத்தில் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. மாதா கோயிலில் பாடல் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தேன். கன்னியர் நடத்திய பள்ளியில் ஒரு பழைய பியானோ இருந்தது. அமுக்கினால் பாதிக் கட்டைகள் மேலே எழும்பாது. அதை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தேன். அப்புறம் சென்னை, அங்கிருந்து உதவித்தொகையில் ஐரோப்பா. இருபத்திரண்டு வயதில், பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அன்றைக்கு அம்மா, "பொட்டி வாசிக்கத்தான் போவேன்னா போ. அத நான் வந்து கேப்பேன்னு மட்டும் நெனைக்காத" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பதினெட்டு ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் வாசித்தேன். முன்பின் தெரியாதவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா சோறு போடுவாள், மாட்டைப் பற்றிப் பேசுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள். பியானோ என்ற சொல் அவள் வாயில் வராது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னைப் பெற்றவளிடம் இல்லாமல் எனக்கு எங்கிருந்து வந்தது இந்த அழுத்தம்?

போன ஆண்டு அண்ணன் கடத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் கச்சேரியை ஏற்பாடு செய்தான். நான் ஒப்புக்கொண்டது ஒரே காரணத்துக்காக. ஊரே போகும்போது அம்மா வராமல் இருக்க முடியாது. ஒரே ஒரு உருப்படியை அவள் முதலிலிருந்து கடைசி வரை இடையூறு இல்லாமல் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் திட்டினாலும் சரி.

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் ஊர் மேடை வழக்கம் எனக்குத் தெரியும். யார் பாடினாலும் ஆடினாலும், முக்கியமானவர் வந்துவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். பொன்னாடை போர்த்துவார், போட்டோ எடுப்பார்கள், அவர் போவார், விட்ட இடத்திலிருந்து தொடரும். யாரும் அதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. அதுதான் மரியாதையே.

"பொன்னாடை எல்லாம் கடைசியிலதான் அண்ணா" என்றேன்.

"சரி பாப்பா, முடிஞ்ச பின்னாடிதான்" என்றான். சத்தியமே செய்தான்.

நான் செய்த தப்பு இதுதான்: நான் வாசிக்கப்போகும் சொனாட்டா என்ற உருப்படிக்கு நான்கு பகுதிகள், பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே சில நொடி மௌனம் வரும் என்பதை அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

பெங்களூரிலிருந்து பெரிய பியானோ ஒன்று வாடகைக்கு வந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் அதை ஏற்ற எட்டுப் பேர் வேண்டியிருந்தது. அம்மா முதல் வரிசையில், பட்டுப்புடவையில், கோர்ட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பகுதிகள் வாசித்துக் கையை எடுத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மண்டபம் கைதட்டியது. அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டான். மண்டபத்தின் உரிமையாளர் எனக்குப் பொன்னாடை அணிவிப்பார் என்று அறிவித்தான். அவர் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. எழுந்து கும்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் எழவில்லை. மூன்றாம் பகுதியைத் தொடங்கினேன். அந்த சொனாட்டாவிலேயே மெதுவானது, பத்து நிமிடம் போகும்.

அவர் என் பக்கத்தில் வந்து, சால்வையை இரண்டு கையாலும் விரித்தபடி நின்றார். போட்டோகிராபர் என்னைத் திரும்பச் சொல்லிச் சைகை காட்டினார். அண்ணன் குனிந்து காதில் சொன்னான்: "பாப்பா, அவரு அரூருக்குக் காதுகுத்துக்குப் போவணுமாம். ஒரு நிமிசந்தான்."

"இன்னும் முடியல" என்றேன். கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மண்டபத்தையே அவருதான் குடுத்தாரு."

"அதுக்கு நான் பாதியில நிறுத்தணுமா?"

அண்ணன் போய்விட்டான். அவர் போகவில்லை. போட்டோ இல்லாமல் எப்படிப் போவார்? அவர் நின்றார், நான் வாசித்தேன். பின்வரிசையில் சிரித்தார்கள். திமிர் பிடித்தவள் என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது. ஆமாம், திமிர்தான். அது இல்லாவிட்டால் நான் அந்த மேடையிலேயே இருந்திருக்க மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். இந்தக் கூத்தைப் பார்த்து அம்மா எழுந்து போய்விடுவாள், இனி எந்த ஜென்மத்திலும் என் கச்சேரிக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன்.

நான் நினைத்தபடியே அம்மா எழுந்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. வாசலுக்குப் போகவேண்டிய செருப்புச் சத்தம் மேடைப்பக்கம் வந்தது. வயல்வெளியில் ஆளைக் கூப்பிடும் அதே குரலில் கேட்டாள்.

"ஏங்க, செத்த அந்தாண்ட நவுந்துக்குங்க. எம்பொண்ணு கை எனக்குத் தெரியமாட்டேங்குது."

அவர் சால்வையை மடித்துக்கொண்டு நகர்ந்தார். அழுதால் விரல் தடுமாறும், அதனால் அழவில்லை. மூன்றாம் பகுதியின் கடைசிச் சுரம் அடங்கும் வரை காத்திருந்து, யாரும் கைதட்டுவதற்குள் நான்காம் பகுதியைத் தொடங்கினேன். அம்மா திரும்பிப் போய் உட்காரவில்லை. மேடைக்குக் கீழேயே நின்று கேட்டாள்.