பல்லவி உயரமாகக் கேட்ட விதம்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து சின்னக்கானலுக்குத் திரும்பியபோது எனக்குப் பேச்சு சரியாக வந்துவிட்டது. பாட்டுதான் வரவில்லை. கீழ் ஸ்வரங்களில் குறையில்லை. மேலே போனால் குரல் வெறும் காற்றாகிவிடும். நாளாக ஆக சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதுவரை நானும் என் நங்கையும் மூணாறு பக்கத்து ரிசார்ட்டுகளில் சாயங்கால வேளையில் கச்சேரி செய்துகொண்டிருந்தோம். அவர் கீபோர்டு, நான் பாட்டு. புருஷனின் அக்காவை எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் நங்கை என்போம். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் நான் அப்படிக் கூப்பிட்டதும் அவர் சிரித்துவிட்டு, நல்லாயிருக்கு, அப்படியே கூப்பிடு என்று சொல்லிவிட்டார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

அந்த வருஷம் ஒரு பாட்டு எல்லாரையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வட்டவடை ஜீப்பிலும் அதுதான், டீக்கடையிலும் அதுதான். ரிசார்ட்டில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பதும் அதைத்தான். சரணம் அடக்கமாகப் போகும்; பல்லவி வந்ததும் மலையேறி உச்சிக்கு வந்து நின்ற மாதிரி நெஞ்சு விரியும். இனி அந்த உயரத்துக்கு என்னால் போக முடியாது என்று தோன்றியது. வேறு பாடகி யாரையாவது பார்த்துக்கொள்ளும்படி நங்கையிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பாட்டிலிருந்து குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அதில் இருந்தது. வாத்தியங்களை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த வருஷத்துப் பாட்டின் பாடகி குரலை மட்டும் பல்லவியில் ஓடவிட்டார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. காதருகில் ரகசியம் சொல்வதைப் போல அவ்வளவு மெதுவாகப் பாடியிருந்தாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"இந்தப் பொண்ணு கத்தவே இல்ல பாத்தியா? சரணத்தைவிட ஒரே ஒரு ஸ்வரம்தான் மேல போறா" என்றார் நங்கை.

"அப்புறம் எப்படிங்க அவ்வளவு உசரமாக் கேக்குது?"

"அதத்தான் பாக்கணும்."

பார்த்தோம். ஒரு மாதம் வேறு வேலையே ஓடவில்லை. அவர் பகலில் ஜீப் சவாரி முன்பதிவு ஆபீஸில் இருப்பார். வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவார். ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு உட்காருவோம். சரணத்தில் அடிநாதம் தரும் பேஸ் கிட்டார் இல்லவே இல்லை என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். நூறு தடவை கேட்ட பாட்டு, இல்லாததை ஒருநாளும் கவனித்ததில்லை. பல்லவிக்கு முந்தின ஒரு தாளத் தட்டில் எல்லா வாத்தியமும் நின்றுபோகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அந்த வெற்றிடத்துக்குப் பிறகு பேஸ் வந்து இறங்குகிறது. அதே குரலைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து இடது காதிலும் வலது காதிலும் பரப்பியிருக்கிறார்கள். அடியில் இன்னொரு குரல், தாழ்ந்த சுருதியில், இருப்பதே தெரியாமல் கூட வருகிறது. குரல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அடியில் அத்தனையும் வந்து சேர்ந்ததால் அது ஏறியதாக நமக்குத் தோன்றியது.

கையில் எல்லா வாத்தியமும் இருந்தும் வாசிக்காமல் காத்திருக்க ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டுக்கு இசையமைத்த, முகம் தெரியாத அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது.

பிறகு நங்கை எனக்காகவே அந்தப் பாட்டின் இசையைப் புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். சுருதியை ஒன்றரைக் கட்டை குறைத்ததும் பேஸ் சேறாகக் குழம்பியது. அதை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினார். பல்லவியில் தாளத்துக்கு வரும் கைதட்டல்தான் சரிப்படவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த கைதட்டல் பலகையில் ஆணி அடிப்பது போல இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் போய், அங்கிருந்த பெண்களைத் தட்டச் சொல்லிப் போனில் பதிவு செய்தோம். அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே சீராகத் தட்டினார்கள். ஒன்றாகத் தட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள், பாட்டைக் கேட்டுக்கொண்டே தட்டுங்கள் என்றார் நங்கை. இரண்டாம் முறை சற்று முன்னும் பின்னுமாக விழுந்தது. அதுதான் வேண்டியிருந்தது. நடுவில் யாரோ சிரித்ததையும் அவர் வெட்டவில்லை.

என் குரலைப் படுக்கையறையில் எதிரொலி வராமல் கம்பளி கட்டிப் பதிவு செய்தோம். அடிக்குரலையும் நானே பாடினேன். எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஓடவிட்டபோது, தொலைந்துபோனதாக நான் நினைத்த பாடகி அங்கே பாடிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. நங்கை என் பக்கம் திரும்பாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு ரிசார்ட் புல்வெளியில் மறுபடி மேடையேறினோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சரணத்தைப் பயந்துகொண்டே பாடினேன். எல்லாம் நிற்கும் அந்த ஒரு தட்டில் மூச்சை நிறைய இழுத்துக்கொள்ள முடிந்தது. பல்லவி வந்ததும் கூட்டம் கூடவே பாடியது. இரண்டாம் முறை ஓரிடத்தில் குரல் பிசிறியது; நங்கை உடனே பதிவிலிருந்த அடிக்குரலைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். யாருக்கும் தெரியவில்லை.

முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர், தானும் பாடுவதாகச் சொல்லிக்கொண்டு அருகில் வந்தார். ஒரிஜினலைவிட அரைக்கட்டை ஏற்றிப் பாடினீர்களோ என்று கேட்டார். நான் நங்கையைப் பார்த்தேன்.

"ஏத்தல சார், இறக்கித்தான் இருக்கோம்" என்றார் அவர். அந்த மனிதர் நம்பவில்லை.

மேல் ஸ்வரங்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் கச்சேரி இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மலையாளப் பாட்டில் டிரம்ஸ் ஒரு மயிரிழை பிந்தியே விழுகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் தலை தானாக ஆடுகிறது என்கிறார் நங்கை. வாசித்தவருக்குத் தூக்கம் வந்திருக்கும் என்கிறேன் நான். ஒரு வாரமாக இதே சண்டை. அநேகமாக அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.