இடப்பக்கம் திரும்பத் தெரியாதவள்

படிக்கிற காலத்தில் நான் எந்தப் பரீட்சையிலும் பெயில் விட்டதில்லை. பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல வரவில்லை. தட்டுத்தடுமாறியாவது கரை சேர்ந்துவிடுவேன். பெயில் விட்டால், நான் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னரே அந்தச் செய்தி அம்மாவின் காதுக்குப் போய்விடும். அந்தப் பயம் ஒன்றே போதும், புத்தகத்தை விடாமல் பிடிப்பதற்கு. அப்படிப்பட்ட நான், ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பிறகு, ஐம்பத்தாறாவது வயதில் ஒரு பரீட்சையில் பெயில் விட்டேன். ஸ்கூட்டி ஓடுகிற பரீட்சை.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடத் தெரியாத பெண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நான் அந்த அபூர்வப் பிறவி. எட்டு வயதில் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டேன். அப்பா அன்றைக்கே சைக்கிளைக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் நடை தூரம். பிறகு பஸ். பிறகு கல்யாணம். கல்யாணம் முடிந்த நாள் முதல் முப்பது வருடமாக என் கணவர்தான் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, நான் வேலை பார்த்த கந்தோர் வாசலில் இறக்கிவிட்டுத் தன் பள்ளிக்கூடத்துக்குப் போவார். நான் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு போவேன். அவர் கணித ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

போன வருடம் ஒரு காலை கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு சில கிழமைகளில் திரும்பி வந்தது. வாய் கொஞ்சம் ஒருபக்கம் இழுத்தபடி நின்றது. ஊன்றுதடியோடு வீட்டுக்குள் நடக்கவும் தொடங்கினார். ஆனால் வாசல் படலைக்கு வெளியே கால் வைக்க மாட்டேன் என்று நின்றார்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். முன்பெல்லாம் இரண்டு மைல் போவதற்கு அவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். சந்திக்குச் சந்தி மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கதைப்பார். பின்னால் இருந்து நான் பல்லைக் கடிப்பேன். அந்த மனுசன் இப்போது காலை முதல் மாலை வரை விறாந்தைக் கதிரையில், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு ஆட்டோவில் போவோம். பக்கத்துத் திரையை இறக்கிவிடச் சொல்லுவார். வேறு எங்கும் வரமாட்டார்.

"ஆட்டோவிலை என்னை ஏத்தி இறக்கிறது மூட்டை ஏத்தி இறக்கிற மாதிரிக் கிடக்குது. சனம் நிண்டு பாக்குது," என்றார் ஒருநாள்.

கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மருந்து வேலை செய்யுது அம்மா. ஆள்தான் வேலை செய்யேல்லை. வெளியிலை கூட்டிக்கொண்டு திரியுங்கோ. இப்பிடியே இருந்தா நல்லதில்லை." வாதம் கொண்டுபோகாத மனுசனை அந்தக் கதிரை கொண்டுபோய்விடும் என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் வெறுத்தது வீதியை அல்ல. ஆட்டோவைத்தான். இரண்டு சில்லு வண்டி என்றால் வருவார். ஓடுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மகள் கொழும்பில். வேறு ஆர் இருக்கிறார்கள்? நான்தான்.

அவரிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் ஓட, நான் பின்னாலை இருக்கிறதோ? அதுக்கு நான் வீட்டிலையே கிடப்பன்."

"அப்ப கிடவுங்கோ. நான் பழகத்தான் போறன்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன்.

எங்கள் பகுதிக்குக் குடும்பநல உத்தியோகத்தராக வருகிற பிள்ளை ஒருத்தி பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளைப் பார்க்க மழையென்றும் வெயிலென்றும் இல்லாமல் ஸ்கூட்டியில் திரிகிறவள். அவள் புதிது எடுத்தபோது அவளுடைய பழைய ஸ்கூட்டியை நான் வாங்கினேன். பழக்குகிற பொறுப்பையும் அவளே ஏற்றுக்கொண்டாள். பின்னேரங்களில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்மன் கோயிலடிக்குப் போவாள். கோயிலின் வெளிவீதி நல்ல அகலம். சனநடமாட்டம் குறைவு. எங்கள் ஊரில் எல்லோரும் வண்டி பழகுகிற இடம் அதுதான்.

"அன்ரி, கையை முறுக்காதேங்கோ. மெல்லத் தொட்டாலே காணும்," என்று கூடவே ஓடி வருவாள். நான் முறுக்குவேன். வண்டி பாயும். அம்மாளாச்சி என்று கத்துவேன். அம்மாளாச்சிக்கும் அந்த நாட்களில் நித்திரை இருந்திராது.

மூன்று தரம் விழுந்தேன். அதில் ஒன்று கோயில் தண்ணீர்க் குழாயடியில், ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு முன்னால். அவர்கள் ஓடி வந்து தூக்கிவிட்டு, திரும்பி நின்று சிரித்தார்கள். எனக்கு முழங்கால் நோவைவிட அந்தச் சிரிப்புத்தான் நெடுக நொந்தது. நாங்கள் இருந்து படித்த சனம். படிப்பு என்றால் எங்களுக்குக் கதிரை, மேசை, கொப்பி. பிழை விட்டால் அழித்துவிடலாம். கந்தோரில் பிழை விட்டால் கடுதாசியைக் கிழித்துப் போடலாம். நாலு பேர் பார்க்க மண்ணில் கிடந்து படிப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் பெறுபேறு வந்த கையோடு படிப்பையும் மூடி வைத்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். கனடாவில் இருக்கிற மச்சாள் தினமும் காலையில் சூரியன் உதிக்கிற படம் போட்டு, "இன்று ஒரு புதிய விடயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவள் ஒருநாள் வந்து அந்தக் குழாயடியில் விழுந்து பார்க்க வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? முன்வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐஞ்சிலை வளையாதது ஐம்பதிலை வளையுமோ தங்கச்சி?" என்றார்.

"ஐம்பதுக்குத்தானே அக்கா சொல்லிக் கிடக்குது? எனக்கு ஐம்பத்தாறு," என்றேன். சொல்லும்போது வீரம்தான். உள்ளே போய்க் கொஞ்சநேரம் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஆறு கிழமை பழகினேன். எழுத்துப் பரீட்சையில் ஒரு பிழையும் இல்லை. அதைக் கேட்கவே வேண்டாம், யாழ்ப்பாணத்துக்காரிக்கு எழுத்துப் பரீட்சை தண்ணீர் பட்ட பாடு. பிறகு ஓடிக் காட்டுகிற நாள் வந்தது. தரையில் எட்டுப் போலக் கோடு போட்டிருந்தார்கள். காலை நிலத்தில் ஊன்றாமல் அதில் ஓட வேண்டும்.

முதல் வட்டம் வலப்பக்கம். வெண்ணெயில் கத்தி போனது போலப் போனேன். வரிசையில் நின்ற பெடியன்கள்கூடப் பார்த்தார்கள். அடுத்த வட்டம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கைக்கு அந்த வேலை தெரியவில்லை. தலை சொல்கிறது, கை கேட்கவில்லை. வண்டி நேரே போய் ஓரத்தில் வைத்திருந்த பீப்பாவில் மோதி நின்றது.

பரீட்சிக்க வந்த உத்தியோகத்தர் பேனையை மூடிக்கொண்டு கிட்ட வந்தார். "எங்கை அம்மா பழகினனீங்கள்?"

"கோயில் வீதியிலை, சேர்."

அவர் முகத்தில் சிரிப்புப் படர்ந்தது. "வலம் வந்து வலம் வந்து பழகியிருக்கிறியள். அம்மாளாச்சி உங்களைப் பாஸ் பண்ணுவா. நான் பண்ணேலாது."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கோயிலை யார் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள்? வண்டியென்றாலும் கோயில் வீதியில் ஏறினால் வலம்தான். ஒற்றை எண்ணில் முடிய வேண்டும் என்று பதினொரு சுற்று வேறு. ஆறு கிழமையாக ஒருநாளும் நான் இடப்பக்கம் திரும்பவில்லை. பழக்கினவளுக்கும் அது தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கோயில் ஐயருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை மேசையில் போட்டேன். அவர் கதிரையில் இருந்தபடியே, "என்ன மாதிரி?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"ஒரு நாளைக்குப் பதினொரு சுத்து. ஒரு சுத்துக்கு நாலு மூலை. நாப்பத்து நாலு திருப்பம். ஆறு கிழமை. அவ்வளவும் வலமோ?"

"ஓம்."

சிரித்தார். இழுத்த வாய் இழுத்தபடி, கண்ணால் தண்ணீர் ஓட, கதிரை ஆடச் சிரித்தார். கிணற்றடியில் விழுந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். முதலில் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, கடைசியில் நான் அழுதும்விட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம், "என்ரை சேட்டையும் வேட்டியையும் எடும். வாசிகசாலை வளவுக்குப் போவம்," என்றார்.

"ஆர் போறது?"

"நாங்கள்தான். அங்கை கோயில் இல்லை. எந்தப் பக்கமும் திரும்பலாம்."

வாசிகசாலை எங்கள் ஒழுங்கை முடிவில்தான் இருக்கிறது. போய்ச் சேர அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் தடியை ஊன்றி முன்னால் நடந்தார். நான் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். படலைகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

வளவு மண்ணில் தடியால் எட்டுக் கீறினார். கவராயம் இல்லாமலே கரும்பலகையில் முழுவட்டம் போடுகிறவர் என்று பெயர் எடுத்த மனுசன். இப்போது ஒரு வட்டம் பெரிதாகவும் மற்றது நசிந்தும் வந்தது. தடியை நிறுத்தி அதைப் பார்த்தார்.

"கோணலாப் போச்சு."

"கோணலிலை ஓடிப் பழகினா நேரானது சுகம்தானே," என்றேன். அவர் வளவு ஓரத்தில் கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

இரண்டு கிழமை, நாள்தோறும் வந்தார். வாங்கில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் கத்துகிற அதே தொண்டையில் கத்துவார். "நிலத்தைப் பாராதையும்! போற இடத்தைப் பாரும்! இடம்! இடம்!" பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் பேப்பரை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இரண்டாம் தரம் போய் ஓடினேன். பாஸ்.

லைசன்ஸ் வந்தும் அவர் ஏறவில்லை. வாசிகசாலை மட்டும் நடந்து போய் வருவார். ஸ்கூட்டி பக்கம் திரும்பமாட்டார். நான் கேட்கவில்லை. கேட்டு ஒருமுறை மாட்டேன் என்றுவிட்டால், அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே மனுசன் சாகும்வரை மாட்டேன் என்று நிற்கும். எனக்குத் தெரியாதா? தனியாகச் சந்தைக்குப் போய் வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வர, அவர் சேட்டும் வேட்டியுமாக ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தன் பழைய ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார்.

"சாவகச்சேரிக்கோ?"

"ஓம். சந்தைக்கு."

"உமக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது. நானும் வாறன்."

முப்பது வருடமாக மீன் வாங்கிச் சமைத்துக் கொடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கு மீன் வாங்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஏறி இருந்ததும் குனிந்து அவருடைய இடது காலைத் தூக்கி மிதியில் வைத்தேன். வலது கையால் என் தோளைப் பிடித்தார். ஒழுங்கையை மெல்ல ஊர்ந்து கடந்தேன். கண்டி வீதி என்கிற பெரிய வீதிக்கு ஏறியதும் வேகம் பிடித்தேன்.

சந்தைக்குக் கிட்ட, சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. முன்பு அவர் தினமும் நின்று கதைக்கிற இடம். ஞாயிறு காலையில் பழைய சிநேகிதர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். விரைவாகத் தாண்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் தோளில் தட்டினார்.

"நிப்பாட்டும்."

இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினேன். அவரோடு முன்பு படிப்பித்த ஒருவர் கடையை விட்டு ஓடி வந்தார். கண்ட சந்தோசத்தில் கையைப் பிடித்தார். பிறகு எங்கள் ஊர்ப் பழக்கம் அவரை விடவில்லை.

"என்ன மாஸ்டர், இப்ப பின் சீற்றோ?"

கடைக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புத்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடிந்தது, இனி இந்த மனுசன் படலையைத் தாண்டப் போவதில்லை, பட்ட பாடெல்லாம் இந்த ஒரு சொல்லோடு போச்சு என்று நினைத்தேன். என் தோளில் இருந்த கை இறுகியது.

"முப்பது வருசம் அவ என்ரை பின்னாலை இருந்தவ," என்றார் என் கணவர். "உந்தக் கேள்வியை அவவிட்டை ஒருநாளெண்டாலும் ஆரும் கேட்டனீங்களோ?"

சிரிப்பு நின்றது. கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வாங்கோ மாஸ்டர், ஒரு தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

"வரேக்கை குடிப்பம். மீன் முடிஞ்சிடும்." பிறகு என் தோளில் மெல்லத் தட்டினார். "ஓடும்."

ஓடினேன். மீன் சந்தை மட்டும் அழுதுகொண்டே ஓடினேன். அவரும் பின்னால், பிடித்த தோளை விடாமல் வந்தார்.