அட்ராக்டாவின் பொக்லைன் அங்கேயே நிற்கும்

அட்ராக்டா மெக்கவர்னுக்கு வயது அறுபத்து மூன்று. பட்டாளத்துக்காரன் இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள எல்லைச் சாலைகளை வெடி வைத்துப் பிளந்த காலத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் போய்க் குழியை மூடிவிட்டு வந்தவள். அவன் மறுபடி பிளந்தால் இவள் மறுபடி மூடுவாள். அந்தப் பொல்லாத பிடிவாதம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

இப்போது அவள் மூடுவது சதுப்பின் வடிகால்களை. எல்லைக்குத் தெற்கிலும் வடக்கிலுமாகக் கிடக்கிற ஒரே சதுப்பு அது. இரண்டு அரசாங்கமும் கைகோத்து அதில் தண்ணீரைத் தேக்கச் சொல்லியிருக்கின்றன. தண்ணீர் நின்றால்தான் புழு பூச்சி இருக்கும், வளைமூக்கு உள்ளான் பறவையின் குஞ்சு பிழைக்கும். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஜோடி. மேட்டில் நான்கு முட்டை வைத்து அடைகாக்கிறது.

பெரிய வடிகாலில் அவள் போட்ட மண்ணணையை யாரோ வெட்டிவிட்டார்கள். மறுபடி போட்டாள், மறுபடி வெட்டு. குட்டைகளில் வெறும் சேறு. திட்ட அலுவலகத்துப் பையனோ, ஜூன் மாதக் கூட்டுக்குழு முடிவெடுக்கட்டும் என்றான்.

"ஜூன் வரைக்கும் குஞ்சு பொரிக்காம இருன்னு நீயே போய் அதுகிட்ட சொல்லிட்டு வா!" என்று போனை வைத்தாள்.

சந்தேகம் வடக்குப் பக்கத்து ஆட்டுக்காரர் செசில் டிரிம்பிள் மேல். அணை நின்றால் அவர் மேய்ச்சல் ஓரம் நனையும். நேரே அவர் வாசலில் போய்க் கத்தினாள்.

"வெட்டை நல்லாப் பாத்தியா?" என்றார் செசில் நிதானமாக. "பாக்காமலே வந்துட்டியாக்கும்."

பார்க்கத்தான் இல்லை. எங்கள் பக்கம் வெட்டியை எந்தக் காலால் மிதித்து மண்ணில் இறக்குகிறான் என்பதை வைத்தே கத்தோலிக்கனா புராட்டஸ்டண்டா என்று சொல்லிவிடுவோம். செசில் ஆட்கள் வலதுகால், அட்ராக்டா ஆட்கள் இடதுகால். திரும்பி வந்து குனிந்து பார்த்தாள். இடதுகால் மிதி. போதாததற்கு வெட்டு நெடுக ஒரு மெல்லிய மண்மேடு, முனை உடைந்த வெட்டி விட்டுப்போகிற தடம். அவள் அப்பா அடுப்பெரிக்கச் சதுப்பிலிருந்து கரிமண் வெட்டியெடுத்த வெட்டி. அது இருப்பது தம்பி ஃபின்டன் வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் பொக்லைனை ஓட்டிவந்து மூன்றாம் முறை அணை போட்டாள். செசில் சர்ச் கோட்டோடு வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை நான் வேலை தொட மாட்டேன். உன் பக்கத்துல நிக்கறதுக்குத் தடை இல்ல, என் ஓரம் நனைஞ்சா நனையட்டும்."

வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபின்டனும் வந்தான்.

"அக்கா, நம்ம கரிமண்ணு முழுக்க தண்ணியில முங்குது. குளிருக்கு எதை எரிப்பேன்? இந்த வடிகாலை வெட்டுனதே நீதானே!"

"ஆமாடா, நான்தான் வெட்டுனேன், இருபத்தஞ்சு வயசுல. புத்தி இல்லாம வெட்டுனேன், புத்தி வந்து மூடுறேன். என் கொட்டகையில ரெண்டு குளிர்காலத்துக்கான கரிமண்ணு காஞ்சு கிடக்கு, அத்தனையும் அள்ளிட்டுப் போ. இதுல மட்டும் கை வைக்காதே!"

"நீ போனதும் வெட்டுவேன்."

அட்ராக்டா பொக்லைனை அணையின் நடுவில் ஏற்றி நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"குஞ்சு பறக்குற வரைக்கும் வண்டி இங்கதான்."

"பைத்தியமா உனக்கு? சதுப்பு அதை முழுங்கிடும். உன் பொழைப்பே அதுதானே!"

"முழுங்கட்டும். வண்டிக்கு அடியில நீ எப்படி வெட்டுறேன்னு பாக்கறேன்." அவன் தோளிலிருந்த வெட்டியைப் பிடுங்கினாள். "இதையும் குஞ்சு பறந்தப்புறம் வந்து வாங்கிக்கோ."

திங்கள் விடிந்ததும் செசில் தடித்த மரப்பலகைகளை இழுத்து வந்து வண்டிக்கு அடியில் கொடுத்தார். அலுவலகத்திலிருந்து வண்டியை எடுக்கச் சொல்லி இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் அடுப்பில் போட்டாள். வந்த வேலையெல்லாம் வேறு ஆளுக்குப் போயிற்று. பொக்லைன் ஒரு முழம் இறங்கியது. தண்ணீர் மட்டும் இறங்கவில்லை.

ஜூலையில் மூன்று குஞ்சுகள் எல்லைக்கு மேலாகப் பறந்தன. அன்றே வெட்டியைத் துடைத்து வாசலில் சாத்தி வைத்தாள். ஃபின்டன் வந்தான். அதைத் தொடவில்லை.

"வண்டியை இழுக்கக் கயிறு கொண்டாந்திருக்கேன்," என்றான்.