தொப்பி போட்ட மிளகாய் நாற்று

எங்கள் வீட்டில் ஆண்டவருக்கு அடுத்தபடியாக அப்பா பயபக்தியோடு நடந்துகொண்டது மிளகாய் நாற்றிடம்தான். முதல் விதைப்பை எங்கள் ஊர் நாவலப்பிட்டியின் மழை கொண்டுபோனது. இரண்டாவதைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் தின்றன. கைவசமிருந்த கடைசி விதைகளை, பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார். முளைத்தால் பங்குச் சாமியாரைக் கொண்டு மந்திரித்துத்தான் நடுவது என்று அந்தோனியாருக்கு நேர்ந்தும்கொண்டார்.

முளைத்தது. சாமியாரும் மறுநாள் பூசை முடிந்து வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்று மாலை அப்பா எங்களை வரிசையாக நிறுத்திப் புத்தி சொன்னார்.

"சாமி ஜெபம் சொல்றப்ப ஆம்பளைங்க தலையில தொப்பி இருக்கக் கூடாது. பொம்பளைங்க முக்காட்டை எடுக்கக் கூடாது. விளங்குதா?"

எனக்கு ஆறு வயது. நன்றாகவே விளங்கியது. காலையில் போய்ப் பார்த்தால், அநேகமாக எல்லா நாற்றும் விதைத்தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கின்றன! சாமியார் வருகிற நேரம். இதில் ஆண் எது, பெண் எது? எங்கள் கோயிலில் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். தகரத்தையும் அப்படியே பிரித்து, வலப்பக்கத்தாரின் தொப்பிகளை நகத்தால் கழற்றினேன். தொப்பியோடு தலையும் கழன்று வந்தது. அவசரத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தகரத்தைத் தூக்க வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, மறுபடியும் கோழி!"

"கோழி கோடு கிழிச்ச மாதிரி பாதியில நிப்பாட்டுமாங்க?" என்றாள் அம்மா.

"நான்தாம்ப்பா. இவங்க ஆம்பளைங்க. அவங்க பொம்பளைங்க, அதான் விட்டுட்டேன்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்கும் அழுகை வந்தது.

"அழாதீங்கப்பா. மரியாதையாத்தானே போனாங்க. ஆண்டவர் சேத்துக்குவாரு."

தோள்கள் இன்னும் குலுங்கின. சாமியார் வந்து, மீதிப் பாதி எங்கே என்று கேட்டபோது, அப்பா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

பெண்கள் பக்கம் முழுவதும் பிழைத்துக் காய்த்தது, ஆண்டவருக்குத் தோத்திரம். சாமியார் வந்துபோன அன்று மாலை ஜெபமாலையில், அப்பாவின் துக்கம் ஆறும்படி ஓர் 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் கூடுதலாகச் சொல்லலாம் என்றேன். அப்பா பாதியில் எழுந்து மறுபடியும் வெளியே போய்விட்டார். பெரியவர்கள் அரைத் தகரம் நாற்றுக்காக இவ்வளவு நேரமா அழுவார்கள் என்று யோசித்தபடி, அவருக்காக இன்னொன்றும் சொன்னேன்.